பூனைக்கெண்டு வாங்கின மீன்

அண்டைக்கு எனக்கு ஒரேயொரு வேலை தான் இருந்தது. குருநகருக்குப் போய், பால் குடுக்கிற பூனை ஒண்டை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டை வரவேணும்.

யாழ்ப்பாணப் பட்டணத்துக்கும் எங்கடை சண்டிலிப்பாய்ப் பக்கத்துக்கும் பஸ் ஓடத் தொடங்கின புதுசு. காலமை போனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடலாம் எண்டு மனிசியிட்டைச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டன். சோத்தைச் சுடச்சுட வைக்கச் சொன்னதும் நான் தான்.

பூனை போய் இரவல் வாங்கிற நிலைமைக்கு என்னெண்டு வந்தம் எண்டு முதல் சொல்லவேணும்.

எங்கடை வீட்டிலை வெள்ளைச்சி எண்டு ஒரு பூனை நிண்டது. பாலும் சோறும் தான் சாப்பாடு. எங்கடை வீட்டுப் பூனையும் சைவம் எண்டு நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். அது எலி தின்னிறதை நான் கணக்கிலை எடுக்கேல்லை.

அந்த வெள்ளைச்சி குசினிப் பரணிலை மூண்டு குட்டி போட்டுது. குட்டியள் கண் முழிக்கேல்லை, அதுக்குள்ளை விறகு அடுக்கின இடத்திலை புடையன் பாம்பு கடிச்சு வெள்ளைச்சி செத்துப் போச்சு.

என்ரை மனிசி பூரணம் அப்ப பிள்ளைத்தாச்சி. அதுக்கு முந்தி உண்டானது தங்கேல்லை. அதாலை இந்த முறை அவ தும்மினாலும் எனக்கு நெஞ்சு இடிக்கும். அவ அந்த மூண்டு குட்டியையும் ஒரு சுளகிலை பழஞ்சீலை விரிச்சுப் போட்டு, திரியை ஆட்டுப்பாலிலை நனைச்சு வாயிலை வைச்சுக்கொண்டு இருந்தா. ரண்டு குட்டி சூப்பிச் சூப்பி, குடிச்ச பாலைச் சத்தி எடுத்துது. கடைசிக் குட்டிக்குக் கத்தவும் சீவன் இல்லை.

பூனைக்குட்டி தானே, மனசை விடாதையும் எண்டு நான் சொன்னன். சொல்லியிருக்கக் கூடாது.

"தாயில்லாத மூண்டு சீவன் என்ரை மடியிலை கிடந்து சாகுது. இதுகளைக் காப்பாத்த ஏலாதவளுக்கு என்னத்துக்கு ஒரு பிள்ளை?" எண்டு கேட்டா.

அவ அழேல்லை. அழுதிருந்தாலும் எனக்கு லேசாய் இருந்திருக்கும். உண்மையைச் சொன்னால் எனக்கும் உள்ளுக்கை பயம் பிடிச்சிட்டுது. அந்தக் குட்டியிலை ஒண்டு செத்தாலும் இவ என்னத்தை யோசிப்பா, யோசிச்சு என்ன ஆகும் எண்டு எனக்கு நித்திரையும் வரேல்லை.

ஊரிலை குட்டி போட்ட பூனையைத் தேடினன். ஒரு வீட்டிலை குட்டியள் வளந்து பால் மறந்திட்டுது. இன்னொரு வீட்டிலை பூனைக்கு வயிறு பெருத்திருக்கு, இண்டைக்கோ நாளைக்கோ எண்டிச்சினம். போய்ப் பாத்தால் அது கடுவன், ஆண் பூனை. நல்லாய்த் திண்டு கொழுத்த கடுவன். நான் அதை அவைக்குச் சொல்லேல்லை, அவை அவ்வளவு ஆசையாய்க் காத்துக்கொண்டிருந்தவை.

அப்ப தான் எனக்கு அந்தோனிப்பிள்ளை மாஸ்டரின்ரை ஞாபகம் வந்தது. வாத்தியார் சோதினை எழுதப் போன இடத்திலை பழக்கமான மனிசன். வீடு குருநகரிலை. அந்தப் பக்கம் கடற்கரை, மீன் இருக்கு. மீன் இருக்கிற இடத்திலை பூனை இருக்கும், பூனை இருக்கிற இடத்திலை குட்டி இருக்கும். பள்ளிக்கூடத்திலை நான் கணக்குப் படிப்பிக்கிறனான் எண்டதைச் சொல்ல மறந்திட்டன்.

என்னைப் பற்றி இன்னுமொண்டும் சொல்லவேணும், இல்லாட்டிப் பேந்து நடந்தது விளங்காது. பின்னேரங்களிலை எங்கடை பிள்ளையார் கோயிலிலை புராணப் படிப்பு நடக்கும். ஒருத்தர் பாட்டை வாசிக்க, நான் பயன் சொல்லுவன். அதாவது பாட்டின்ரை கருத்தைச் சனத்துக்கு விளங்கப்படுத்திறது. பாட்டிலை ஒரு மான் வந்தாலும் சரி, ஒரு மீன் வந்தாலும் சரி, நான் உடனை கொல்லாமைக்குப் போயிடுவன். மீன், இறைச்சி எண்டு மச்சம் தின்னிறவனை நரகத்திலை எந்த எண்ணெய்ச் சட்டியிலை போடுவினம், எவ்வளவு நேரம் பொரிப்பினம் எண்டெல்லாம் சொல்லுவன். பொரிக்கிற சத்தத்தை வாயாலை செய்தும் காட்டுவன். சனம் நடுங்கும். எனக்கும் அதிலை ஒரு சந்தோசம்.

இதைக் கேட்டுத் தான் மனேச்சர் எனக்குப் பள்ளிக்கூடத்திலை வேலை தந்தவர். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர் ஒருத்தர் தான் மனேச்சர். மலாயாவிலை ஸ்ரேசன் மாஸ்டராய் இருந்து பென்சன் எடுத்துக்கொண்டு வந்தவர். அவர் செருமினால் பள்ளிக்கூடம் முழுக்க எழும்பி நிக்கும். மச்சம் தின்னிற வாத்தியாருக்கு என்ரை பள்ளிக்கூடத்திலை இடமில்லை எண்டு சொல்லித் தான் என்னைச் சேர்த்தவர்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுக்கொண்டு குருநகருக்குப் போன கதைக்கு வாறன்.

அந்தோனிப்பிள்ளை மாஸ்டர் வீட்டிலை ஒரு வரிப்பூனை நிண்டது. ராசாத்தி எண்டு பேர். அது போட்ட குட்டியள் எல்லாத்தையும் முதல் நாள் தெருநாயள் பிடிச்சிட்டுது. பாவம், பால் கட்டி, வீட்டைச் சுத்திச் சுத்திக் கத்திக்கொண்டு திரிஞ்சது. விசயத்தைச் சொன்ன உடனை மாஸ்டரின்ரை மனிசி திரேசம்மா கொண்டு போங்கோ எண்டிட்டா. ராசாத்தி ஆட்டுக்குட்டி மாதிரிச் சாது, வாலைப் பிடிச்சு இழுத்தாலும் பேசாமல் நிக்கும் எண்டா. மீன் இல்லாமல் மட்டும் சாப்பிடாது எண்டும் சொன்னா.

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கடை வீட்டிலை பத்து நாள் நிண்டால் உதுவும் வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கும் எண்டு பெரிய ஆள் மாதிரிச் சொன்னன். மாஸ்டர் மரியாதைக்குச் சிரிச்சார்.

ராசாத்தியை ஒரு ஓலைக் கடகத்துக்கை விட்டு, மேலை இன்னொரு கடகத்தைக் கவிட்டு, கயித்தாலை கட்டினம். அது படுக்கிற சீலைத்துண்டையும் திரேசம்மா உள்ளுக்கை வைச்சுவிட்டா. அது குசினி வாசலிலை, மீன் வெட்டிற இடத்துக்குப் பக்கத்திலை கிடந்த துண்டு. மணம் எண்டால், ஒரு வள்ளம் முழுக்க மீன் ஏத்தின மாதிரி.

பஸ்ஸிலை ஏறினதிலையிருந்து ராசாத்தி கத்தத் தொடங்கீட்டுது. சும்மா கத்தல் இல்லை. ஒப்பாரி. பக்கத்திலை இருந்த மனிசி கடகத்துக்கை என்ன குழந்தையோ எண்டு கேட்டா. நான் பூனை எண்டு சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன்.

நடுவிலை பஸ் நிண்டது. ஏறினவர் மனேச்சர்.

அரசாங்க அலுவலாய்க் கச்சேரிக்குப் போட்டு வாறார். நான் எழும்பினன். இரும் இரும் எண்டு போட்டு எனக்குப் பக்கத்திலையே இருந்தார். இருந்த உடனை மூக்கைச் சுருக்கினார். கடகத்தைப் பாத்தார். என்ரை நெத்தித் திருநீத்தைப் பாத்தார். திரும்பவும் கடகத்தைப் பாத்தார்.

"என்ன தம்பி கடகத்துக்கை?"

"பூனை, ஐயா."

அந்தக் கணத்திலை ராசாத்தி வாயை மூடிச்சுது.

அவ்வளவு தூரம் பஸ்ஸைக் கிழிச்சுக்கொண்டு வந்த பூனை, மூச்சும் விடேல்லை. நான் கடகத்தைத் தட்டினன். ஒரு சத்தமில்லை. மெல்லமாய் உலுப்பினன். கல்லுப் போலை கிடந்தது. நானே ஒருக்கால் மியாவ் எண்டு சொல்லுவமோ எண்டும் யோசிச்சன். பக்கத்திலை கேட்டுக்கொண்டு வந்த மனிசியாவது சாட்சி சொல்லுவா எண்டு திரும்பிப் பாத்தால், அவ முந்தின நிறுத்தத்திலையே இறங்கீட்டா.

மனேச்சர் சால்வைத் தலைப்பை மூக்குக்குக் கிட்டக் கொண்டு போனார். பேந்து ஏனோ இறக்கிப்போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நீளமாய் ஒரு மூச்சு இழுத்தார். கோவத்தை அடக்கிறார் எண்டு நான் நினைச்சன். அடுத்த கிழமை கந்தசஷ்டி தொடங்குது, பயன் சொல்ல ஆயத்தமாய் இரும் எண்டு மட்டும் சொன்னார். கோயிலடியிலை இறங்கிப் போனார்.

பஸ் வெளிக்கிட்டுது. ராசாத்தி விட்ட இடத்திலையிருந்து தொடங்கிச்சுது.

வீட்டை வந்து கடகத்தைத் திறந்தன். திரேசம்மாவின்ரை ஆட்டுக்குட்டி ஒரு பாய்ச்சலிலை முகட்டுக்குப் போச்சுது. இறங்கி வரப் பின்னேரமாச்சு. வந்து சுளகிலை கிடந்த குட்டியளை மணந்து பாத்துது, சீறிப்போட்டு விலகிப் போச்சுது.

பூரணம் கிணத்தடிக்குப் போயிருந்தா. அவ வர முந்தி இதை நான் முடிச்சுப்போடவேணும் எண்டு எனக்கொரு எண்ணம். நான் மாடு வளத்த வீட்டுப் பிள்ளை. கண்டுக்குட்டியைச் சேர்க்காத பசுவுக்கு எங்கடை அப்பு என்ன செய்யிறவர்? கண்டின்ரை முதுகிலை தவிடும் உப்பும் பூசி விடுவார். பசு உப்புக்கு ஆசைப்பட்டு நக்கும், நக்க நக்கச் சேர்ந்திடும். பசுவுக்குச் சரி எண்டால் பூனைக்கும் சரி தானே. ரண்டுக்கும் நாலு கால்.

தவிட்டையும் உப்பையும் குழைச்சு மூண்டு குட்டிக்கும் தலையிலையிருந்து வால் வரை பூசினன். அவிக்க வைச்ச கொழுக்கட்டை மாதிரி மூண்டும் கிடந்துதுகள். ராசாத்தி கிட்ட வந்து ஒருக்கால் நக்கிச்சுது. தும்மிச்சுது. என்னை நிமிந்து பாத்துது. பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கூட என்னை அப்பிடிப் பாத்ததில்லை.

அதோடை விட்டிருக்கலாம். ஆனால் மாட்டிலை இன்னொரு முறை இருக்கு. பால் கறக்க விடாத மாட்டுக்குப் பின்னங்காலைச் சேர்த்துக் கயித்தாலை கட்டிறது.

நடந்ததை விவரமாய்ச் சொல்லமாட்டன். கயிறு என்ரை கையிலை சுத்தியிருந்தது, பூனை என்ரை முதுகிலை நிண்டது. பூரணம் குடத்தோடை வந்து பாத்துப்போட்டு, குடத்தை இறக்கி வைச்சா. எனக்குக் காயத்துக்கு மஞ்சள் அரைச்சுப் பூசினா. குட்டியளைச் சுடுதண்ணியிலை நனைச்ச சீலையாலை துடைச்சு எடுத்தா. பேந்து கடகத்துக்கை கிடந்த அந்த மீன் மணச் சீலைத்துண்டாலை மூண்டையும் நல்லாய் உரஞ்சி, அந்தத் துண்டிலையே கிடத்திப்போட்டு, என்னை வெளியிலை போகச் சொன்னா.

நான் கதவு நீக்கலாலை பாத்துக்கொண்டு நிண்டன். ராசாத்தி வந்துது. மணந்துது. இன்னொருக்கால் மணந்துது. பேந்து சரிஞ்சு படுத்துது.

ரண்டு குட்டி தேடிப் பிடிச்சிட்டுதுகள். கடைசிக் குட்டிக்குத் தலை நிமித்த ஏலேல்லை. பூரணம் ஒரு விரலாலை அதைத் தாங்கிப் பிடிச்சுக்கொண்டு, வாயைக் கிட்டக் கொண்டு போனா. கன நேரம் ஒண்டும் இல்லை. பேந்து சப், சப் எண்டு ஒரு சின்னச் சத்தம். அப்ப தான் பூரணம் அழுதா. நானும் அழுதன். ஏன் கண் கலங்குது எண்டு கேட்டதுக்கு மஞ்சள் எரியுது எண்டன். மஞ்சள் முதுகிலை தான் பூசியிருந்தது.

கதை இதிலை முடிஞ்சிருந்தால் நானும் ஒரு மனிசனாய் ஊருக்கை திரிஞ்சிருப்பன்.

ராசாத்தி சாப்பிடேல்லை. தயிர்ச்சோறு வைச்சம், பாக்கேல்லை. நெய்ச்சோறு வைச்சம், அதுக்கு மேலாலை நடந்து போச்சுது. பருப்பு, பாற்சோறு, கடைசியாய் எனக்கெண்டு சுட்ட வடையும் வைச்சுப் பாத்தாச்சு. நான் முன்னாலை குந்தியிருந்து, பாலிலை உள்ள சத்தைப் பற்றிச் சொன்னன். அது வேலிப் படலைப் பக்கம் பாத்துக் கத்திச்சுது. அடுத்த நாள் பின்னேரம் அதுக்குப் பால் வத்தீட்டுது. குட்டியள் சூப்பிப் பாத்துப்போட்டுக் கத்துதுகள். கடைசிக் குட்டி திரும்பவும் கத்தாமல் கிடக்கு.

"மீன் வாங்கிக்கொண்டு வாங்கோ," எண்டா பூரணம்.

இந்த வளவுக்கை எங்கடை பூட்டன் காலத்திலையிருந்து மச்சம் வந்ததில்லை எண்டன். நான் ஆர், கோயிலிலை என்ன சொல்லுறனான், மனேச்சர் கண்டால் என்ன நடக்கும் எண்டெல்லாம் எடுத்துச் சொன்னன். அவ முழுக்கக் கேட்டா.

"சீவனுக்கு இரங்கவேணும் எண்டும் நீங்கள் தானே பயன் சொல்லுறனீங்கள்? இரங்காமல் விட்டவனுக்கும் ஏதும் சட்டி இருக்கோ?"

நான் போய்ச் சைக்கிளுக்குக் காத்தடிச்சன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. எங்கடை ஊர்ச் சந்தையிலை வாங்க ஏலாது, எல்லாம் தெரிஞ்ச முகம். மருதனார்மடம் சந்தைக்குப் போவம் எண்டு சைக்கிளை எடுத்தன். மாரி காலம், அதாலை குடையையும் கொழுவிக்கொண்டு போனன். சந்தைக்கு வெளியிலை துவாயாலை தலையை மூடிக்கொண்டு, மூக்கை நம்பி நடந்து மீன் விக்கிற பக்கத்தைக் கண்டுபிடிச்சன்.

எனக்கு மீனின்ரை பேர் தெரியாது. பெரிசு சின்னன் தான் தெரியும். ஒரு மனிசி கூறு கூறாய்க் குவிச்சு வைச்சிருந்தா. கிட்டப் போய்க் குனிஞ்சு, ஒரு பூனைக்குக் காணக்கூடினதாய்த் தாங்கோ எண்டு மெதுவாய்க் கேட்டன்.

"ஓம் ஐயா, பூனைக்குத் தான் எல்லாரும் வாங்கினம். உங்கடை பூனைக்கு முள்ளுக் கூடினது பரவாயில்லையோ, முள்ளுக் குறைஞ்சது வேணுமோ?" எண்டு அவ நல்ல சத்தமாய்க் கேட்டா.

மெய்யாய்ப் பூனைக்கு எண்டன். நானும் மெய்யாய்த் தானே கேக்கிறன் எண்டா. பக்கத்திலை இருந்து விக்கிறவ, திருநீறு பூசின பூனையோ எண்டு கேட்டா. ரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. நான் காட்டின கூறைத் தரச் சொன்னன். உமல் எங்கை எண்டா. மீன் போட ஓலைப்பை கொண்டு போறதெண்டு எனக்கு ஆர் சொன்னது? இலையிலை சுத்தித் தந்தா. அதைக் கையிலை பிடிச்சுக்கொண்டு சைக்கிள் ஓட ஏலாது. மடியிலை வைக்க மனம் வரேல்லை.

அப்ப எனக்கொரு மூளை வேலை செய்துது. குடையைக் கொஞ்சம் விரிச்சு, பொட்டலத்தை உள்ளுக்கை விட்டு, மடிச்சுக் கட்டி, சைக்கிள் காண்டிலிலை கொழுவினன். ஆருக்கும் தெரியாது. என்ரை புத்தியை நானே மெச்சிக்கொண்டு உழக்கினன்.

பாதி வழியிலை மழை பிடிச்சுது.

சும்மா தூறல் இல்லை, ஊத்துது. றோட்டிலை போன சனமெல்லாம் ஓடி ஒதுங்குது. நான் குடையைக் கொழுவிக்கொண்டு தொப்பு தொப்பெண்டு நனைஞ்சு போறன். வாழையிலையைத் தலையிலை பிடிச்சுக்கொண்டு போன ஒரு கிழவன் நிண்டு, என்னை ஒரு பரிதாபத்தோடை பாத்தார்.

எங்கடை ஊர் எல்லைக்கு வந்திட்டன். பூட்டின கடை ஒண்டின்ரை தாவாரத்திலை மூண்டு பேர் ஒதுங்கி நிண்டினம். ரண்டு பேர் கோயில் சபைக்காரர். மற்றவர் மனேச்சர்.

"வாத்தியார், குடையை வைச்சுக்கொண்டு ஏன் நனையிறீர்? நில்லும்."

நிண்டன். குடை கம்பி முறிஞ்சு போச்சு, விரியாது எண்டன். கொண்டாரும் பாப்பம் எண்டார். வேண்டாம் ஐயா, உங்களுக்கு ஏன் கரைச்சல் எண்டன். மலாயாவிலை ரெயில் கைகாட்டியையே திருத்தினவர், குடைக்குப் பயப்பிடுவாரோ? தானே வந்து காண்டிலிலையிருந்து கழட்டி, கட்டை அவிட்டு, தலைக்கு மேலை பிடிச்சு ஒரு தட்டுத் தட்டி விரிச்சார்.

குடை வடிவாய் விரிஞ்சுது.

இலை பிரிஞ்சு மீன் மழை பெஞ்சுது. தலையிலை ஒண்டு, தோளிலை ரண்டு, சால்வை மடிப்புக்கை கொஞ்சம். ஒண்டு நேரை போய் அவரின்ரை கோட்டுப் பொக்கற்றுக்கை விழுந்துது.

மனேச்சர் குடையைப் பிடிச்சபடியே நிண்டார்.

"பூனைக்கு, ஐயா," எண்டன்.

சபைக்காரரிலை ஒருத்தர் ஓம், ஓம் எண்டார். அவர் சொன்ன விதத்திலை என்ரை உத்தியோகம் போட்டுது எண்டு எனக்கு விளங்கீட்டுது. மனேச்சர் பொக்கற்றுக்கை கையை விட்டு, அந்த மீனை வாலிலை பிடிச்சுத் தூக்கி, திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"சூடை," எண்டார்.

எனக்கே தெரியாத பேர் அவருக்கு என்னெண்டு தெரியும் எண்டு அப்ப யோசிக்கத் தோண்டேல்லை. பின்னேரம் உம்மடை வீட்டை வாறன், அந்தப் பூனையைப் பாக்கவேணும் எண்டார். குடையை என்னட்டைத் தந்திட்டு மழைக்கையே நடந்து போனார்.

நான் சைக்கிளைச் சாத்திப்போட்டு, அவை ரண்டு பேருக்கும் முன்னாலை முழங்காலிலை இருந்து, சேத்துக்கை கிடந்த மீனை ஒவ்வொண்டாய்ப் பொறுக்கினன். வெக்கம் எண்டால் அப்பிடியொரு வெக்கம். ஆனால் வீட்டிலை ஒரு குட்டி கத்தாமல் கிடக்கு. வெறுங்கையோடை போய்ப் பூரணத்தின்ரை முகத்தைப் பாக்கிறதுக்கு வேலை போறது எவ்வளவோ மேல் எண்டு நினைச்சன்.

முருங்கைக்குக் கீழை ஒரு சிரட்டையிலை வைச்சுக் குடுத்தம். ராசாத்தி சாப்பிட்ட விதத்தைப் பாத்து எனக்கே பசிச்சுது, சிவசிவா. மத்தியானம் பால் ஊறி, மூண்டு குட்டியும் வயிறு முட்டக் குடிச்சுதுகள். கடைசிக் குட்டி முதல்முறையாய்க் குரல் எடுத்துக் கத்திச்சுது. பூரணம் அண்டைக்குத் தான் ஒழுங்காய்ச் சோறு சாப்பிட்டா. எனக்குத் தான் இறங்கேல்லை.

பின்னேரம் மனேச்சர் வந்தார். சபைக்காரர் ரண்டு பேரும் வந்தினம். அவையோடை இன்னும் கொஞ்சப் பேர், ஏனெண்டு கேட்டால், சும்மா வந்தவை. கதிரை போட்டுக் குடுத்திட்டு, பாருங்கோ ஐயா எண்டு சுளகு வைச்ச இடத்தைக் காட்டினன்.

சுளகு வெறுமையாய்க் கிடந்தது.

பூனையும் இல்லை, குட்டியும் இல்லை. பின் வளவிலை, முருங்கைக்குக் கீழை, மீன் முள்ளு மட்டும் வடிவாய்த் தெரியுது. சபைக்காரர் முள்ளைப் பாத்தார், என்னைப் பாத்தார். நான் பரணிலை ஏறினன். அடுப்புக்குப் பின்னாலை பாத்தன். விறகுக்குக் கீழை ஊர்ந்து போய் ராசாத்தி, ராசாத்தி எண்டு கூப்பிட்டன். முற்றத்திலை நிண்டவையிலை ஒருத்தர், மனிசன் நல்லாய்த் தான் நடிக்கிறார் எண்டது எனக்கு விறகுக்குக் கீழையும் கேட்டுது. பூரணம் வயித்திலை கையை வைச்சுக்கொண்டு கதவடியிலை நிண்டா. அவவுக்கு ஊர்க்கதை ஒண்டும் இல்லை, குட்டியளை நாய் கொண்டு போட்டுதோ எண்ட பயம் தான்.

மனேச்சர் எழும்பினார். மூக்கை நிமித்தி ஒருக்கால் மணந்தார். நேரை உள்வீட்டுக்குப் போய், பாதி திறந்து கிடந்த அலுமாரிக் கதவை இழுத்தார்.

கீழ்த் தட்டிலை, நான் பயன் சொல்லப் போகேக்கை போடுற பட்டுச் சால்வைக்கு மேலை, ராசாத்தி படுத்திருந்தது. மூண்டு குட்டியும் பால் குடிக்குதுகள். பக்கத்திலை ஒரு சூடைத் தலையும் பத்திரமாய்க் கிடந்தது.

பூரணம் ஓடி வந்து குட்டியளைத் தொட்டுப் பாத்து, அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா. மூண்டு பேரும் இருக்கினம் எண்டு சொன்னா. பேர் எண்டு தான் சொன்னா.

மனேச்சர் சபைக்காரரைப் பாத்து, சந்தேகம் தீர்ந்துது, போங்கோ எண்டார். எல்லாரும் போயினம். அவர் போகேல்லை. கதிரையை அலுமாரிக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார். பூரணம் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போற வரை பூனையைப் பாத்துக்கொண்டு இருந்தார்.

"சூடையை விடக் கீளி திறம், தம்பி," எண்டார் மெல்லமாய். கொஞ்சம் பொறுத்து, "பூனைக்கு," எண்டு சேர்த்தார்.

நான் ஓம் ஐயா எண்டன்.

மலாயாவிலை தங்கடை குவாட்டர்ஸிலும் ஒரு பூனை நிண்டதாம். போன நாளிலையிருந்து பென்சன் எடுக்கும் வரை நிண்டதாம். அவ்வளவு காலம் ஒரு பூனை சீவிக்குமோ ஐயா எண்டு நான், மடையன், கேட்டன். மாறி மாறி நிண்டது எண்டார். ஊருக்கு வந்த பிறகு வளக்கேல்லை, வளத்தால் ஊர் என்ன சொல்லும் எண்டு ஒரு பெருமூச்சு விட்டார். பஸ்ஸிலை விட்ட அதே நீள மூச்சு.

எனக்கு அப்பவும் விளங்கேல்லை.

குட்டியள் பால் மறந்த உடனை தனக்கு ஒண்டு வேணும் எண்டு கேட்டார். எனக்குச் சந்தோசம். வேலையும் தப்பீட்டுது, குட்டிக்கும் நல்ல இடம். தாராளமாய்க் கொண்டு போங்கோ, இதுகளைப் பெத்த பூனை சைவம், தயிர்ச்சோறு குடுத்தே பழக்கலாம் எண்டன். என்னட்டைக் கணக்குப் பிழைவிட்ட பிள்ளையளை நான் பாக்கிற மாதிரி அவர் என்னைப் பாத்தார்.

"பெத்தவள் சைவமாய் இருக்கட்டும். பால் குடுத்தவள் குருநகராள் எல்லோ? குட்டி மீன் தான் கேக்கும்."

அப்ப தான் விளங்கிச்சுது.

கந்தசஷ்டிக்குப் பயன் சொல்லப் போனன். மனேச்சர் முன்னுக்கு இருந்தார். பாட்டிலை ஒரு மீன் வந்தது. எனக்கு அந்த எண்ணெய்ச் சட்டி ஞாபகத்துக்கு வரேல்லை. கடல் எவ்வளவு பெரிசு எண்டு சொல்லிப்போட்டு அடுத்த பாட்டுக்குப் போனன்.

இதுக்கிடையிலை ஊருக்கை எங்கடை குட்டியளுக்கு ஏற்பட்ட கிராக்கியைச் சொல்லவேணும். பூனை எண்டாலே கல்லெடுத்து எறியிற ஆக்கள் படலைக்கு வந்து, எப்ப கண் முழிக்கும், எப்ப பால் மறக்கும் எண்டு விசாரிச்சினம். அண்டைக்கு ஓம் ஓம் எண்ட சபைக்காரர் தன்ரை பேரை முதலே சொல்லி வைச்சிட்டார். கடைசியிலை ஒண்டு மனேச்சருக்கு, ஒண்டு சபைக்காரருக்கு. அந்தக் கத்தாத குட்டியைப் பூரணம் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. ராசாத்தியைத் திரும்பக் குருநகருக்குக் கொண்டு போய் விட்டன். மாசியிலை எங்களுக்குப் பிள்ளையும் பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. நல்ல குரல். பூரணம் இப்ப ரண்டையும் ஒரே பாயிலை வைச்சு வளக்கிறா, நான் ஒண்டும் சொல்லுறேல்லை.

ஆனால் அவவுக்கு இப்ப ஒரு புதுக் கவலை. மனேச்சர் கிழமையிலை நாலு நாள் பூனைக்கெண்டு கீளி வாங்கிறார், குட்டி மட்டும் எலும்பும் தோலுமாய் எங்கடை வேலிக்குள்ளாலை வந்து நிக்குது. அதுக்கு என்ன வருத்தமோ, மனேச்சரை ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ எண்டு என்னைக் கரைச்சல்படுத்திறா.

நான் கேக்கேல்லை, எனக்கு அந்தப் பள்ளிக்கூடத்திலை தான் சம்பளம்.